சோம்பல் யாருடைய சொத்து?

"சோம்பேறிகள்!"

ஒரு சொல்தான். ஒசூர்ச் சாலையோரத்துத் தேநீர்க் கடையிலே, பளபளக்கும் வண்டியிலிருந்து இறங்கிய பெரியவர் ஒருவர் அந்தச் சொல்லை வீசினார். "இந்த ஊர்ப் பையன்களை நம்பித் தொழில் நடத்த முடியாது. வெளியூர்க்காரன் பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறான். இவன் எட்டு மணி ஆனதும் கடிகாரத்தைப் பார்க்கிறான். பிறவியிலேயே சோம்பல்!" என்றார், உடன் வந்தவரிடம்.

அவருக்குத் தேநீர் ஆற்றிக் கொடுத்தவர் இந்த ஊர்க்காரர். விடியற்காலை மூன்றரை மணிக்கு அடுப்பு மூட்டியவர். அவர் காதிலும் அந்தச் சொல் விழுந்தது. அவர் ஒன்றும் பேசவில்லை. சில்லறையை எண்ணிக் கொடுத்தார்.

நமக்குச் சினம் பிறந்தது. சினத்தின் பின்னாலேயே வெட்கமும் வந்து நின்றது. ஏனெனில், அதே சொல்லை நாமும் ஒரு நாள் வீசியிருக்கிறோம்!

நம் வகுப்பிலே ஒரு மாணவன். ஒன்பதாம் வகுப்பு. முதல் பாடவேளையிலேயே தலை சாயும். வாரத்தில் இரு நாள் காலம் தாழ்ந்து வருவான். எச்சரித்தோம், பயனில்லை. அவனுடைய குறிப்பேட்டில், தந்தையின் பார்வைக்கென்று, "சோம்பேறி; படிப்பில் அக்கறை இல்லாதவன்" என்று எழுதி அனுப்பினோம். தந்தைக்கு எழுத்தறிவு இல்லை. மகனே அதைப் படித்துக் காட்டினான் என்பது பின்னர்தான் நமக்குத் தெரிந்தது.

சில நாள் கழித்து, விடியுமுன்னே காவேரிப்பட்டணம் பக்கம் பேருந்துக்காகக் காத்திருந்தோம். அருகிலிருந்த வயலிலே சிறு சிறு விளக்குகள் அசைந்தன. தலையிலே விளக்கைக் கட்டிக்கொண்டு மல்லிகை மொட்டுப் பறிக்கும் கூட்டம்! மொட்டு மலர்வதற்குள் பறித்தாக வேண்டும்; சந்தை கூடுவதற்குள் சேர்த்தாக வேண்டும். அந்தக் கூட்டத்திலே ஒரு விளக்கு நம்மைக் கண்டதும் சட்டென்று வேறுபக்கம் திரும்பிக்கொண்டது. நம் மாணவன்!

நாம் உறங்கிய நேரத்தில் உழைத்தவனை, அவன் உறங்கிய நேரத்தில் சோம்பேறி என்றோம்!

அன்று தொடங்கிய கேள்வி இது: சோம்பல் என்பது யாருடைய சொத்து? அந்தப் பட்டத்தை யார் யாருக்குச் சூட்டினர்? எப்போது சூட்டினர்? எதற்காகச் சூட்டினர்? வரலாற்றைப் புரட்டினோம். கண்டவற்றை இளைஞர் முன் வைக்கிறோம்.

பாரமகால் தந்த சாட்சி

இன்று கிருஷ்ணகிரி மாவட்டம் என்று நாம் அழைக்கும் பகுதி 2004-இல் தருமபுரியிலிருந்து பிரிந்தது. தருமபுரியோ 1965-இல் சேலத்திலிருந்து பிரிந்தது. அதற்கெல்லாம் முன்னர் இந்த மண்ணின் பெரும்பகுதிக்கு வழங்கிய பெயர் பாரமகால். திப்பு சுல்தானுடன் நடந்த போரின் முடிவில், 1792-இல், சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி பாரமகால் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு மாறிற்று. திப்பு வீழ்ந்த 1799-க்குப் பின் ஒசூர்ப் பகுதியும் அதனுடன் சேர்ந்தது.

நிலத்தை அளக்கவும் வரியை வகுக்கவும் கேப்டன் அலெக்சாந்தர் ரீடு அனுப்பப்பட்டார். அவருக்குத் துணைவராக வந்தவர் தாமஸ் மன்றோ. ஏழாண்டுக் காலம் இந்த மண்ணிலே ஊர் ஊராகச் சுற்றினார். உழவனிடமே நேராக வரி தண்டும் ரயத்துவாரி முறை உருப்பெற்றது இங்கேதான். பிற்காலத்தில், 1820 முதல் 1827 வரை, சென்னை மாகாணத்தின் ஆளுநராகவும் அவர் இருந்தார்.

மன்றோ நம்மவர் அல்லர். வரி வாங்க வந்தவர். உழவனைப் புகழ்வதால் அவருக்கு ஆதாயம் ஒன்றும் இல்லை. ஆயினும், 1813-இல் ஆங்கில நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சியம் அளித்தபோது அவர் சொன்னது என்ன? இந்நாட்டினரின் வேளாண்முறை நன்று, கைத்திறன் ஒப்பற்றது, நாகரிகம் என்பது இரு நாடுகளுக்கிடையே வாணிகப் பொருளாகுமானால், இங்கிருந்து இறக்குமதி செய்துகொள்வதால் ஆதாயம் அடையப்போவது இங்கிலாந்துதான் என்னும் கருத்துப்படப் பேசினார்.

ஊர்தோறும் பள்ளிகள் இருந்தன என்றும் சேர்த்துச் சொன்னார். அந்தப் பள்ளிகளிலே எந்தச் சாதியின் பிள்ளைகள் உட்கார்ந்தனர், எந்தச் சாதியின் பிள்ளைகள் மாடு மேய்த்தனர் என்பதை நாம்தான் கேட்டாக வேண்டும். அது வேறு வழக்கு. இங்கே நமக்கு வேண்டியது ஒன்றுதான். ஏழாண்டு உடனிருந்து கண்டவர், இம்மக்களைச் சோம்பேறிகள் என்று சொல்லவில்லை.

பட்டினிக்கும் ஒரு பட்டம்

பிறகு எப்போது ஒட்டிற்று இந்தப் பட்டம்?

1876 முதல் 1878 வரை தென்னாட்டை ஒரு பெரும்பஞ்சம் பிடித்து உலுக்கியது. தாது வருடப் பஞ்சம் என்று முதியோர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். சேலம் மாவட்டம் கடுமையாக அடிபட்ட மாவட்டங்களுள் ஒன்று. மழை பொய்த்தது, கேழ்வரகு கருகியது, குளம் வறண்டது, மாடு மடிந்தது, மனிதனும் மடிந்தான்.

வைசிராய் லிட்டன் பிரபு, 1877 ஜனவரியில், சர் ரிச்சர்டு டெம்பிள் என்பவரைப் பஞ்சப் பார்வையாளராகச் சென்னை மாகாணத்துக்கு அனுப்பினார். அவர் வந்து செய்த முதற் காரியங்களுள் ஒன்று, நிவாரண வேலை செய்வோரின் கூலியைக் குறைத்தது! கல் உடைக்கும், மண் சுமக்கும் ஆடவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறிது காசும். ஒரு பவுண்டு என்றால் ஏறத்தாழ 450 கிராம். ஏன் குறைத்தார்? செலவைச் சுருக்கவேண்டும் என்ற கணக்கு ஒருபுறம். தாராளமாகக் கொடுத்தால் மக்கள் உழைப்பை மறந்து சர்க்காரையே அண்டிக் கிடப்பர் என்ற அச்சம் மறுபுறம்!

எலும்பும் தோலுமாக நின்றவனைப் பார்த்து, "இவன் சோம்பிவிடுவானோ!" என்று அஞ்சினார்கள்!

சென்னை மாகாணச் சுகாதார ஆணையராக இருந்த டாக்டர் கார்னிஷ், இந்த உணவு உழைக்கும் உடலுக்குப் போதாது என்று மருத்துவச் சான்றுகளோடு வாதாடினார். சில திங்களுக்குப் பின் அளவு உயர்த்தப்பட்டது. அதற்குள் மாண்டவர் மீளவில்லை.

இளைஞர்களே, இந்தப் பக்கத்தை மறவாதீர்! சோம்பல் என்ற சொல் வெறும் வசவு அன்று. கூலியைக் குறைக்கும் கத்தி. தேநீர்க் கடையிலே அந்தப் பெரியவர் வீசிய சொல்லுக்குப் பின்னாலும் அதே கணக்கு இருக்கிறதா இல்லையா என்று சிந்தியுங்கள்.

குலம் குறித்த நேரம்

வெள்ளையன் மட்டுமா இதைச் செய்தான்? அவனுக்கு மூத்த ஆசிரியர்கள் நம்மிடையே இருந்தனர்.

உழுதவன் கீழ், உண்டவன் மேல். நெய்தவன் கீழ், உடுத்தவன் மேல். சேற்றிலே நின்றவன் தீட்டு. திண்ணையிலே இருந்தவன் தூய்மை. உழைப்புக்கே இழிவு கற்பித்த சமுதாயம், உழைப்பவனைப் பார்த்தே "ஓய்ந்து நிற்காதே" என்று அதட்டிற்று. ஆண்டு முழுதும் பாடுபட்டும் விளைச்சலிலே தனக்கென ஒரு பிடி மிஞ்சாது என்று அறிந்தவன், கைகளைத் தளரவிட்டால் அது குணக்கேடா? கூலியின்றி ஓடாத வண்டியைக் குறை சொல்லாதவர்கள், கூலியின்றித் தளர்ந்த மனிதனை மட்டும் குறை சொன்னார்கள்.

இதன் கடைசி அத்தியாயங்களுள் ஒன்று நம் மாவட்டத்து மைந்தர் ஒருவரோடு தொடர்புடையது. ஒசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878-இல் பிறந்தவர் இராசகோபாலாச்சாரியார். அவர் சோம்பேறி அல்லர்; நாள் தவறாது எழுதியும் படித்தும் முதுமையிலும் ஓயாதிருந்தவர். அந்த ஒழுங்கை நாம் மறுக்கவில்லை. ஆனால், அவர் முதலமைச்சராக இருந்தபோது, 1953-இல் கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம் என்ன சொல்லிற்று? சிறுவர்க்குப் பள்ளி நாளொன்றுக்கு மூன்று மணி நேரம். மிஞ்சிய பொழுதில் தந்தையின் தொழிலைக் கற்கட்டும் என்றது. குலக்கல்வித் திட்டம் என்று நாடு அதற்குப் பெயர் சூட்டியது. திராவிட இயக்கம் கொதித்தெழுந்தது. 1954 ஏப்ரலில் காமராசர் முதலமைச்சரானார்; அந்த ஆண்டே திட்டம் குப்பைக்குப் போயிற்று.

அந்தப் போராட்டத்தை நாம் பலவாறு விளக்கிக் கேட்டிருக்கிறோம். இன்னொரு வகையிலும் அதைக் காணலாம். அது நேரத்தின்மீது நடந்த போராட்டம்! உழைப்பாளியின் மகனுடைய ஒரு நாளில், எத்தனை மணி நேரம் அவனுடையது, எத்தனை மணி நேரம் அவன் குலத்துடையது என்பதே வழக்கு. மணி நேரம் அவனுடையதே என்று தீர்ப்பாயிற்று.

அப்படியானால் சோம்பலே இல்லையா?

உண்டு. நன்றாகவே உண்டு. பகைவன் சூட்டிய பட்டம் பொய் என்பதால், நம்மிடம் பழுதே இல்லை என்று ஆகிவிடாது. தன்மானம் உடையவன் பிறர் கூறும் பொய்யை மறுப்பான். தன்னிடம் உள்ள மெய்யை மறைக்கமாட்டான்.

களைப்பு வேறு, சோம்பல் வேறு. களைப்பு உழைப்பின் பின்னே வருவது, உறங்கினால் தீரும். சோம்பல் உழைப்பின் முன்னே வருவது, உறங்கினால் வளரும். பூப்பறித்த சிறுவனிடம் இருந்தது களைப்பு. நம்மிடம், படித்து வேலையும் பெற்று மாலைப் பொழுதையும் கையிலே வைத்திருக்கும் நம்மிடம், இருப்பதுதான் சோம்பல்.

அந்தச் சோம்பலுக்கு நம் நாட்டிலே ஒரு பாதுகாப்புக் கோட்டை உண்டு. அதன் பெயர் விதி. "எழுதியபடி நடக்கும்" என்ற வாக்கியத்தைக் காட்டிலும் இனிய தாலாட்டு சோம்பலுக்கு வேறு கிடைக்காது. கோட்டைக்கு ஒரு வாயிற்காவலனும் உண்டு. அவன் பெயர் நல்ல நேரம்.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். இராகு காலம் என்பது நாளொன்றுக்கு ஒன்றரை மணி. திங்களன்று காலை 7.30 முதல் 9 வரை, வெள்ளியன்று 10.30 முதல் 12 வரை. ஞாயிறன்று மாலை 4.30 முதல் 6 வரை என்று பஞ்சாங்கம் பங்கு பிரித்திருக்கிறது. அதை எழுத்துப் பிசகாமல் ஒருவன் கடைப்பிடித்தால், ஆண்டுக்கு 547 மணி நேரத்துக்கு மேல் போயிற்று! எட்டு மணி நேர வேலைநாளாகக் கணக்கிட்டால் 68 நாள். எமகண்டத்தையும் குளிகையையும் சேர்த்துக்கொண்டால் இதைப்போல் மும்மடங்கு. ஒசூர்ச் சிப்காட்டிலே திங்கட்கிழமை காலை 7.30-க்கு எந்த இயந்திரமும் நின்றதாக நாம் கேட்டதில்லை. இயந்திரம் ஓடுகிறது, இரும்பு உருகுகிறது, வண்டி உருள்கிறது. இராகு வந்து தடுக்கவில்லை! மனிதன் மட்டும் விண்ணப்பத்தை எழுதிக் கையிலே வைத்துக்கொண்டு, மணி ஒன்பது ஆகட்டும் என்று காத்திருக்கிறான்.

வள்ளுவர் வகுத்த வரிசையைக் கவனியுங்கள். ஊழ் என்னும் அதிகாரம் 38-ஆவது. அத்துடன் நூல் முடிந்துவிடவில்லை. 60-ஆவது ஊக்கமுடைமை, 61-ஆவது மடியின்மை, 62-ஆவது ஆள்வினையுடைமை. ஊழைப் பற்றிப் பேசியவரே அதைத் தாண்டி வந்து, சோம்பலை ஒழிக்கவும் முயற்சியை வளர்க்கவும் தனித்தனி அதிகாரம் அமைத்தார். ஆனால் நம்மவர் பலர் 38-இலேயே கட்டிலைப் போட்டுப் படுத்துவிட்டனர்!

சுரங்கத்தில் எரிந்த விளக்கு

நேரம் இல்லை என்று சொல்வோர்க்கு ஒரு வரலாறு சொல்வோம். அதற்காக எல்லையைக் கடந்து சற்றே வடக்கே செல்லவேண்டும். கிருஷ்ணகிரிக்கு அப்பால், கருநாடகத்திலே, கோலார் தங்கவயல்.

1880-களில் ஜான் டெய்லர் நிறுவனம் அங்கே புதுமுறைச் சுரங்கத் தொழிலைத் தொடங்கிற்று. வடாற்காடு, சேலம் மாவட்டங்களிலிருந்து பஞ்சமும் சாதிக் கொடுமையும் விரட்டிய தமிழ் மக்கள், பெரும்பாலும் ஒடுக்கப்பட்டோர், அங்கே சென்று குழியில் இறங்கினர். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் சென்றது. உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்று. உள்ளே வெக்கை, பாறை வெடிப்பு, மேலே தகரக் குடிசை. 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. சுரங்கத்துக்கு வெளிச்சம் வந்தது. தொழிலாளியின் வாழ்வுக்கு வெளிச்சம் எங்கிருந்து வந்தது?

அதை அவர்களே ஏற்றிக்கொண்டனர்! அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் சென்னையில் தொடங்கிய "ஒரு பைசாத் தமிழன்" ஏடு தங்கவயலுக்கும் சென்றது. மாரிக்குப்பத்திலே பௌத்த சங்கம் எழுந்தது. கூடிப் படித்தனர், கேள்வி கேட்டனர், சாதியை மறுத்தனர். பண்டிதர் 1914-இல் மறைந்தார். அவருடைய எழுத்து மறையவில்லை. 1926-இல் அப்பாதுரையார் ஆசிரியராக இருந்து "தமிழன்" ஏட்டைத் தங்கவயலிலிருந்தே மீண்டும் வெளிக்கொணர்ந்தார். சித்தார்த்தா புத்தகசாலை பண்டிதரின் நூல்களை அச்சிட்டுப் பரப்பிற்று. 1930-இல், தொழிலாளரைக் குற்றவாளிகளைப்போல் கைரேகை வைத்துப் பதிவு செய்ய முற்பட்டபோது, அதே மக்கள் வேலைநிறுத்தம் செய்து தன்மானத்தைக் காத்தனர்.

எண்ணிப் பாருங்கள். பகலிலே பாறையைக் குடைந்தவன் மாலையிலே ஏட்டைப் புரட்டினான். அவனுக்கு ஓய்வு குறைவு, கூலி குறைவு, காற்றுகூடக் குறைவு. ஆயினும் மாலையில் ஒரு மணி நேரத்தை அவன் தன் பெயரிலே பதிவு செய்துகொண்டான். சுரங்கம் 2001-இல் மூடப்பட்டது. தோண்டிய தங்கம் எங்கெங்கோ போயிற்று. மாலையிலே அவர்கள் தோண்டிய அறிவு மட்டும் நம் கையிலே இருக்கிறது.

பின்னர் 1950-களிலும் 60-களிலும் தமிழகமெங்கும் எழுந்த மன்றங்களும் படிப்பகங்களும் இதே வித்திலிருந்து முளைத்தவையே. கீற்றுக் கொட்டகையிலும், முடிதிருத்தகத்திலும், பீடி சுற்றும் இடத்திலும் ஒருவர் உரக்கப் படிப்பார், மற்றவர் கேட்பர். எழுத்தறியாதவனும் இங்கர்சாலை அறிந்தான், உரூசோவை அறிந்தான். நாள்தோறும் ஒரு மணி நேரம். பெரிய திட்டம் ஏதும் இல்லை, பழக்கம் இருந்தது.

எட்டு மணி எங்கிருந்து வந்தது?

எட்டு மணி ஆனதும் கடிகாரத்தைப் பார்க்கிறான் என்று குறை கூறினாரே அந்தப் பெரியவர், அந்த எட்டு மணி எவரும் இனாமாகக் கொடுத்ததன்று.

இந்தியாவின் முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881-இல் வந்தது. அது குழந்தைகளின் நேரத்தை மட்டுமே கட்டுப்படுத்தியது. வளர்ந்த ஆடவனுக்கு எல்லையே இல்லை. 1911-இல் நூலாலை ஆடவர்க்குப் பன்னிரண்டு மணி நேரம் என்று எல்லை வகுத்தனர். 1922-இல் வாரத்துக்கு 60 மணி; 1934-இல் 54 மணி; 1948-இல் 48 மணி. முப்பத்தேழு ஆண்டுகளில் படிப்படியாக இறங்கிய இந்த எண்களுக்குப் பின்னே எத்தனை பட்டினி, எத்தனை தடியடி! 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் எழுந்தபோது, அவர்கள் கேட்டவற்றுள் ஒன்று நண்பகல் உணவு வேளையைச் சிறிது நீட்டுங்கள் என்பது. சோறு உண்ண நேரம் கேட்டு ஒரு சங்கம்! 1923 மே முதல் நாளன்று சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையிலே மே நாளைக் கொண்டாடினார். இந்தியாவிலேயே அதுதான் முதன்முறை.

அண்மையிலும் ஓர் அதிர்ச்சி வந்து போயிற்று. 2023 ஏப்ரலில், பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிசெய்யும் சட்டத் திருத்தம் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது, தொழிற்சங்கங்கள் எதிர்த்தன, தோழமைக் கட்சிகளும் எதிர்த்தன, அந்த ஆண்டு மே நாளில் அது திரும்பப் பெறப்படுவதாக அறிவிப்பு வந்தது.

ஆகவே எட்டு மணி ஆனதும் கடிகாரத்தைப் பார்ப்பவன் சோம்பேறி அல்லன். தன் பாட்டன் வாங்கித் தந்த சொத்தைச் சரிபார்க்கிறான்! ஆனால், தோழர்களே, சொத்தைச் சரிபார்த்தபின் அதை என்ன செய்கிறோம்? இங்கேதான் நம் நெஞ்சைத் தொட்டுப் பார்க்கவேண்டியிருக்கிறது.

கடிகாரம் செய்யும் ஊர்

ஒசூரின் கதை விந்தையானது. 1971-இல் தமிழக அரசு சிப்காட் நிறுவனத்தை அமைத்தது. வானம் பார்த்த பூமியாகக் கிடந்த ஒசூர் வட்டத்திலே தொழிற்பேட்டை எழுந்தது. சரக்கு வண்டி வந்தது, மொபெட் வந்தது, 1984-இல் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் டாட்டாவும் கூட்டாகத் தொடங்கிய டைட்டன் நிறுவனத்தின் கைக்கடிகாரத் தொழிற்சாலையும் வந்தது. அங்கே பள்ளி முடித்த சிற்றூர் இளைஞரையும் இளம்பெண்களையும் எடுத்துப் பயிற்றுவித்தார்கள். கோழி கூவ எழுந்து, நிழலைக் கொண்டு பொழுதறிந்த குடும்பங்களின் பிள்ளைகள், மயிரிழை போன்ற சக்கரங்களைப் பொருத்தி உலகுக்கு நேரம் காட்டும் கடிகாரம் செய்தனர்! பிறவிச் சோம்பல் எங்கே போயிற்று? இருந்தால்தானே போவதற்கு!

2019-இல் ஒசூர் மாநகராட்சியும் ஆயிற்று. இன்று ஷிப்டு முடிந்து வெளிவரும் இளைஞர் கூட்டத்தைக் காணுங்கள். கையிலே கடிகாரம் இருக்கிறது. பையிலே கைப்பேசி இருக்கிறது. அறைக்குச் செல்கிறான், படுக்கையிலே சாய்கிறான், விரல் கைப்பேசியின்மேல் ஓடத் தொடங்குகிறது. ஒரு படம், அடுத்து ஒரு படம், அடுத்து ஒரு சண்டை, அடுத்து ஒரு சிரிப்பு. நிமிர்ந்து பார்த்தால் மணி ஒன்று! பாட்டன் போராடி மீட்ட மாலைப் பொழுதை, பெயரறியாத வணிகனுக்குப் பேரன் இனாமாக எழுதிக் கொடுக்கிறான். அவனை மட்டும் குறை சொல்வதற்கில்லை. ஆசிரியர்களாகிய நாமும் அதே படுக்கையில் அதே விரலோடு கிடந்திருக்கிறோம்.

அச்சுத் தொழிலாளி காட்டிய வழி

சோம்பலைப் பழக்கம் என்றால், மாற்றும் வழியும் பழக்கமே. மெழுகுதிரியும் சவர்க்காரமும் செய்து விற்றவரின் மகனாக 1706-இல் பாஸ்டன் நகரில் பிறந்தவர் பெஞ்சமின் பிராங்க்ளின். அச்சுக்கூடத் தொழிலாளியாக வாழ்வைத் தொடங்கியவர். அவர் ஒரு சிறு குறிப்பேடு வைத்திருந்தார். பதின்மூன்று நற்பழக்கங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம், பக்கத்துக்கு ஏழு கட்டம், ஏழு நாளுக்கு. தவறிய நாளில் ஒரு கறுப்புப் புள்ளி. வாரத்துக்கு ஒரு பழக்கத்தின்மேல் மட்டும் முழுக் கவனம். பதின்மூன்று வாரத்தில் ஒரு சுற்று. ஆண்டுக்கு நான்கு சுற்று. அவருக்குக் கடைசிவரை பிடிபடாத பழக்கம் எது தெரியுமா? ஒழுங்கு! பொருளை இடத்திலே வைப்பதும், வேலையை நேரத்திலே செய்வதும். அதை அவரே ஒப்புக்கொண்டு எழுதினார். தோற்றும் விடாது முயன்றதால் உயர்ந்தவர் அவர். அந்த நேர்மை நமக்குப் பிடித்திருக்கிறது.

அவர் வழியைப் பின்பற்றி நாம் முயன்று கண்டவற்றைச் சொல்கிறோம்.

முதலாவது, ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்க. நாளை முதல் ஐந்து மணிக்கு எழுவேன், ஓடுவேன், படிப்பேன், எழுதுவேன் என்று ஒரே நாளில் புது மனிதனாகப் பிறக்க நினைப்பவன் நாலாம் நாள் பழைய மனிதனாக எழுவான்.

இரண்டாவது, அந்த ஒன்றை ஏற்கெனவே உள்ள பழக்கத்தோடு முடிச்சுப் போடுக. இரவு உணவுக்குப் பின் பத்துப் பக்கம் என்று வைத்துக்கொண்டால், பசி நினைவூட்டும். மனம் நினைவூட்டத் தேவையில்லை. நாளுக்குப் பத்துப் பக்கம் ஆண்டுக்கு 3,650 பக்கம். இருநூறு பக்க நூல்களாகப் பதினெட்டு!

மூன்றாவது, படிக்கும் நேரத்தில் கைப்பேசியை வேறு அறையிலே வைக்க. கையெட்டும் தொலைவில் வைத்துக்கொண்டு மனவுறுதியைச் சோதிப்பது வீரம் அன்று, வீண் வேலை.

நான்காவது, ஒரு நாள் தவறினால் மறுநாள் தொடர்க. ஒரு நாள் தவறுவது விபத்து. இரண்டாம் நாளும் தவறுவது புதுப் பழக்கத்தின் தொடக்கம்.

ஐந்தாவது, இரவு ஷிப்டு செய்யும் தோழனுக்கு முதல் கடமை உறக்கம். உறக்கத்தைத் திருடிச் செய்யும் முயற்சி நிலைக்காது.

கடைசியாக, தனியே செய்யாதீர், தோழனைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தங்கவயல் தோழர்கள் கூடித்தான் படித்தனர்.

அடித்து எழுதிய சொல்

அந்த மாணவனின் குறிப்பேட்டை மறுபடி வாங்கினோம். நாம் எழுதியதை அடித்தோம். "உழைப்பாளி, உறக்கம் போதவில்லை" என்று எழுதி, கீழே கையொப்பமிட்டோம். இதையும் தந்தைக்குப் படித்துக் காட்டு என்றோம். அவன் சிரித்தான். எழுத்தை மாற்றினால் போதாது என்பது நமக்குத் தெரியும். விடியலில் அவன் பூப்பறிக்க வேண்டியிராத வாழ்வு வரவேண்டும். அதற்கான போராட்டம் நீண்டது. இடையிலே செய்யக்கூடிய சிறு செயல் ஒன்று இருந்தது.

ஊரிலே பூட்டிக் கிடந்த பழைய படிப்பகத்தின் சாவியைக் கேட்டு வாங்கினோம். ஒட்டடை அடித்தோம். நாள்தோறும் மாலை ஆறரை முதல் ஏழரை வரை. முதல் நாள் வந்தவர் இருவர். ஒரு மாதத்தில் ஒன்பதின்மர். திருவிழா வாரத்தில் நாம் மட்டும்! இப்போது அறுவர். ஷிப்டு முடிந்து வரும் இளைஞர் ஒருவர் உரக்கப் படிக்கிறார். பூப்பறிக்கும் மாணவன் கேட்கிறான். ஏழரைக்கெல்லாம் வீட்டுக்குப் போய் உறங்குகிறான். முதல் பாடவேளையில் அவன் தலை இப்போதும் சில நாள் சாய்கிறது. நாம் எழுப்புவதில்லை, அந்தப் பாடத்தை மாலையில் சொல்லிக் கொடுக்கிறோம்.

இளைஞர்களே! சோம்பல் நம் இனத்தின் சொத்து அன்று; எவருடைய பிறவிச் சொத்தும் அன்று. ஆண்டவர்கள் நம்மேல் சுமத்திய பழி அது. அந்தப் பழியை நாவால் மறுப்பது எளிது. நாளால் மறுக்கவேண்டும்! இன்று மாலை ஒரு மணி நேரத்தை உங்கள் பெயரிலே பதிவு செய்யுங்கள். இராகு காலம் பார்க்கவேண்டாம். கதவைத் திறந்து, விளக்கை ஏற்றி, ஏட்டைப் பிரியுங்கள்!